ரங்குஸ்கியைப் பார்த்து ஏன் சிரித்தோம்? ‘எந்திரன்’ கொசுக் காட்சியும் நகை என்னும் மெய்ப்பாடும்

‘எந்திரன்’ படத்தின் கொசுக் காட்சியைப் பற்றிப் பேச்செடுத்தால் உடனே இரண்டு அணி சேர்ந்துவிடும். “ரங்குஸ்கி சீன்தான் டீச்சர் செம!” என்பது ஓர் அணி. “அவ்வளவு பெரிய அறிவியல் படத்துல இந்தக் கொசு எதுக்கு? அதை வெட்டிட்டா படம் இன்னும் நல்லா இருக்கும்” என்பது இன்னோர் அணி. 2010 அக்டோபர் 1ஆம் நாள் படம் வெளிவந்தபோது கேட்ட அதே வாதம்தான், இன்றைக்குப் படிவம் 5 மாணவர்களிடமும் கேட்கிறது. அப்போது பாலர்பள்ளிக்குக்கூடப் போகாத பிள்ளைகள் இவர்கள்!

இரண்டு அணியிலும் தப்பில்லை. ஆனால், இரண்டுமே ரசிகரின் எதிர்வினையோடு நின்றுவிடுகின்றன. பிடிச்சிருக்கு, பிடிக்கல என்பது திறனாய்வின் தொடக்கப் புள்ளி; அதுவே திறனாய்வு ஆகாது. அங்கேயே நின்றுவிடும் மாணவர் விடைத்தாளில் என்ன எழுதுவார்? ‘இப்படைப்பில் நகைச்சுவை இடம்பெற்றிருப்பதால் சுவையாக அமைந்துள்ளது’ என்று எழுதுவார். இந்த வாக்கியத்தை எந்த நாவலுக்கும் எந்த நாடகத்துக்கும் ஒட்டலாம். எதற்கும் ஒட்டும் வாக்கியம் எதையும் சொல்வதில்லை.

ஆகவே கேள்வியைக் கொஞ்சம் மாற்றுவோம். சிரிப்பு வந்ததா என்று கேட்காமல், எந்தச் சிரிப்பு வந்தது என்று கேட்போம்.

கருவி நம்மிடமே இருக்கிறது

இதற்கு மேல்நாட்டுக் கோட்பாடு எதுவும் தேவையில்லை. தொல்காப்பியப் பொருளதிகாரத்தின் மெய்ப்பாட்டியல் எட்டு மெய்ப்பாடுகளைச் சொல்கிறது. அவற்றுள் முதலாவதே நகை. அந்த நகை நான்கு வழிகளில் பிறக்கும்: எள்ளல், இளமை, பேதைமை, மடன். எள்ளல் பிறரை ஏளனம் செய்வது. இளமை சிறுபிள்ளைத்தனம். பேதைமை அறியாமை. மடன் என்பது, ஒருவர் சொன்னதை ஆராயாமல் அப்படியே பற்றிக்கொள்வது. மாணவர்கள் இவற்றை மனப்பாடம் செய்வதோடு விட்டுவிடுகிறார்கள். பயன்படுத்திப் பார்ப்பதில்லை.

சிட்டியின் மூன்று சிரிப்புகள்

படத்தின் முற்பகுதியில் போக்குவரத்துக் காவலர் ஒருவர் சிட்டியிடம் கையூட்டு கேட்கிறார். கேட்க அவர் பயன்படுத்தும் சொல் ‘வெட்டு’. சிட்டி உண்மையிலேயே கையை வெட்டிவிடுகிறான். நமக்குச் சிரிப்பு வருகிறது. காவலர் சொன்னது ஒன்று, எந்திரம் கேட்டது ஒன்று. சொல்லின் நேர்ப்பொருளை விட்டு நகரத் தெரியாத இந்தக் குணம்தான் மடன். ஒரு சொல் பல பொருளுக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைக்காது!

பிறகு வசீகரன் சிட்டிக்கு உணர்ச்சிகளைப் புகட்டுகிறான். சிட்டி சனாவை விரும்பத் தொடங்குகிறான். கொசுக் காட்சி வருவது இந்தக் கட்டத்தில்தான். சனாவை ஒரு கொசு கடித்துவிடுகிறது. சிட்டி அதைத் துரத்திக்கொண்டு போய், கொசுக்களின் மொழியிலேயே பேசி, ரங்குஸ்கியைப் பிடித்து வந்து சனாவிடம் மன்னிப்புக் கேட்க வைக்கிறான். இங்கே சிட்டி எதையும் தவறாகப் புரிந்துகொள்ளவில்லை. அப்படியானால் இது மடன் இல்லை. விரும்பும் பெண்ணிடம் நல்ல பெயர் வாங்க, ஒரு கொசுவுக்காக ஊரையே சுற்றும் சிறுபிள்ளைத்தனம் இது. நகை பிறந்த இடம் இளமை.

மூன்றாவது சிரிப்பு கடைசிப் பகுதியில். சிவப்புச் சில்லு பொருத்தப்பட்ட சிட்டி, எந்திரப் படைக்குள் வேடமிட்டு நுழைந்த வசீகரனைத் தேடுகிறான். கறுப்பு ஆட்டைத் தேடுவதாகச் சொல்லி, ஆடு மாதிரி “ம்மே” என்று கத்துகிறான். திரையரங்கே சிரித்தது. ஆனால், சிரிக்கும்போதே முதுகில் சில்லிடுகிறது. இது எள்ளல். பக்கத்திலேயே அச்சம் என்ற இன்னொரு மெய்ப்பாடும் வந்து நிற்கிறது.

மூன்றையும் வரிசையாக வைத்துப் பாருங்கள். மடன், இளமை, எள்ளல். முதலில் சொன்னதை மட்டும் செய்யும் கருவி. அடுத்து, ஆசைப்படும் பிள்ளை. கடைசியில், தன்னைப் படைத்தவனையே கேலி செய்யும் ஆணவம். சிட்டி எப்படி மாறினான் என்பதை வசனத்தைவிட நம் சிரிப்பே தெளிவாகச் சொல்லிவிடுகிறது. கொசுக் காட்சியை எடுத்துவிட்டால் நடுப்படி காணாமல் போகும். கொசுவுக்காக இவ்வளவு தூரம் போகிறவன், அந்தப் பெண் தனக்கு இல்லை என்று தெரிந்தால் எவ்வளவு தூரம் போவான்? இந்தக் கேள்வியைச் சிரிப்புக்குள் ஒளித்து வைத்திருக்கிறது அந்தக் காட்சி.

எதிரணிக்கும் நியாயம் உண்டு

ஆனால், வெட்டச் சொன்னவர்களை ரசனை இல்லாதவர்கள் என்று ஒதுக்கிவிட முடியாது. ஓர் ஒப்பீடு உதவும். ‘ஸ்டார் டிரெக்’ என்னும் அமெரிக்க அறிவியல் தொடரில், 1967 டிசம்பர் 29ஆம் நாள் ஒரு நகைச்சுவை அத்தியாயம் ஒளியேறியது. எழுதியவர் டேவிட் ஜெரால்ட். டிரிபிள் என்ற பஞ்சுருண்டை போன்ற உயிர்கள் தின்றுதின்று பெருகி, விண்கலம் முழுவதும் நிறைந்துவிடுகின்றன. தானியக் கிடங்கைத் திறந்தால் கப்பல் தலைவரின் தலையில் மழையாகக் கொட்டுகின்றன. விழுந்து விழுந்து சிரிக்கலாம். ஆனால், அவற்றில் பல செத்துக் கிடப்பதைக் கண்ட பிறகுதான் தானியத்தில் நஞ்சு கலந்திருப்பது தெரிகிறது. சிரிப்பே கதை முடிச்சையும் அவிழ்க்கிறது. தொடரின் ரசிகர்கள் அதை மறக்கவில்லை. அதே உலகத்தைச் சேர்ந்த ‘டீப் ஸ்பேஸ் நைன்’ தொடர், 1996இல் அந்த அத்தியாயத்துக்குள்ளேயே திரும்பிப் போய் இன்னோர் அத்தியாயம் படைத்தது.

ரங்குஸ்கி இந்த வேலையைச் செய்யவில்லை. மன்னிப்புக் கேட்டதோடு அதன் பங்கு முடிகிறது. கதை முடிச்சுக்கு அது உதவவில்லை. ஆகவே, என் முடிவு இது: கொசுக் காட்சி பாத்திரப் படைப்பில் வெற்றி, கதைப் பின்னலில் பலவீனம். ‘நீளம்’ என்று முணுமுணுத்தவர்கள் உணர்ந்தது இரண்டாவதை. கைதட்டிய பிள்ளைகள் உணர்ந்தது முதலாவதை. இரு தரப்பும் சரியாகத்தான் உணர்ந்தார்கள். காரணத்தைச் சொல்லத்தான் யாரும் கற்றுக்கொடுக்கவில்லை.

பார்ப்பவர் வாழும் இடமும் சிரிப்பை மாற்றும். சாஆ போன்ற, செம்பனைத் தோட்டம் சூழ்ந்த ஊரில் கொசு என்றாலே டிங்கிக் காய்ச்சலும் புகையடிப்பும்தான் நினைவுக்கு வரும். “புகையடிக்காம பேசியே தீர்த்துக்கலாம் போல டீச்சர்” என்றார் ஒரு மாணவர். வகுப்பே சிரித்தது. அதுவும் ஒரு நல்ல எதிர்வினைதான். படைப்பைத் தன் வாழ்க்கையோடு பொருத்திப் பார்க்கும் திறன் அதில் இருக்கிறது.

வகுப்பறைக்கு

1. நீங்கள் படிக்கும் நாவலிலோ நாடகத்திலோ சிரிப்பு வந்த ஓர் இடத்தைத் தேர்ந்தெடுங்கள். அது எள்ளலா, இளமையா, பேதைமையா, மடனா? காரணத்தோடு எழுதுங்கள்.
2. அந்த இடத்தை நீக்கிவிட்டால் பாத்திரத்தில் எது குறையும், கதைப் பின்னலில் எது குறையும் என்று தனித்தனியாகச் சொல்லுங்கள்.
3. உங்கள் கருத்துக்கு எதிரான கருத்து ஒன்றை எழுதி, அதில் எந்தப் பகுதியை ஏற்கிறீர்கள் என்று குறிப்பிடுங்கள்.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். “சும்மா சிரிப்பா இருந்துச்சு டீச்சர்” என்று மாணவர் சொன்னால், ‘இது விடையன்று’ என்று சிவப்பு மையால் அடித்துவிட வேண்டாம். “எந்தச் சிரிப்பு?” என்று திருப்பிக் கேளுங்கள். விடை அங்கிருந்துதான் தொடங்கும்.