மைக் ஜட்ஜின் நகைச்சுவையில் பேதைமையும் அதன் காரணமும்

அமெரிக்க இயக்குநர் மைக் ஜட்ஜின் படைப்புகளில் பேதைமை முதன்மையான நகைப்பொருளாகும். ஆயின் அதற்கு அவர் காட்டும் காரணம் படைப்புதோறும் வேறுபடுகிறது. ‘ஆபீஸ் ஸ்பேஸ்’ (1999) திரைப்படத்தில், அறிக்கைக்கு முகப்புத்தாள் இணைக்க மறந்த ஊழியரை மேலாளர் பலர் அடுத்தடுத்துக் கண்டிக்கின்றனர். நகைப்புக்குள்ளாவது ஊழியர் அல்லர், நிறுவன நடைமுறையே. கிரெக் டேனியல்ஸுடன் இணைந்து உருவாக்கிய ‘கிங் ஆஃப் தி ஹில்’ (1997) அசைவூட்டத் தொலைக்காட்சித் தொடர், டெக்சாஸில் புரொப்பேன் எரிவாயு விற்கும் ஹாங்கின் பிடிவாதத்தை நகையாடினும் அவரது தொழில் நேர்மையை மதிக்கிறது. ‘இடியோகிரசி’ (2006) திரைப்படமோ, 2505ஆம் ஆண்டுச் சமுதாயத்தின் சீரழிவுக்கு அறிவு குறைந்தோரின் மிகுதியான மகப்பேற்றைக் காரணமாக்குகிறது. பயிருக்கு நீருக்கு மாற்றாக வணிக நிறுவனத்தின் ஊக்கபானம் பாய்ச்சப்படுவதைக் காட்டும் அதன் எள்ளல் கூர்மையானது. எனினும், பழியைப் பிறப்பின்மேல் ஏற்றும் தொடக்கம் அக்கூர்மையை மழுங்கச் செய்கிறது எனலாம்.