றப்பர் வளையத்தில் நிற்கும் இறக்கை

றேடியோவால் இயக்கும் மாதிரி விமானங்களில் எனக்குப் பிடித்தது பயிற்சி விமானம்தான். போர் விமானத்தை அச்சு அசலாகச் சிறிதாக்கி, ஆணித்தலை வரை தீட்டி வைப்பவர்களின் பொறுமையைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அதில் பாதி ஓவியம். பயிற்சி விமானத்தில் ஒளித்து வைக்க ஒன்றுமில்லை. பெட்டி மாதிரி உடல், அதன் முதுகில் அடிப்பக்கம் தட்டையான அகன்ற இறக்கை. பார்வைக்குக் கொஞ்சம் அசடு. அந்த அசட்டுத்தனம் முழுக்க யோசித்துச் செய்தது.

இறக்கையின் இரு முனைகளும் நடுவைவிடச் சற்று உயர்ந்திருக்கும். காற்று ஒரு பக்கம் சாய்த்தால் விமானம் அந்தப் பக்கமே வழுக்கும். அப்போது தாழ்ந்த இறக்கையில் காற்று கூடுதல் கோணத்தில் படுவதால் அங்கே தூக்குவிசை கூடி, விமானம் நிமிரத் தொடங்கும். பழகாதவர் பதறினால் கையிலுள்ள றேடியோவின் குச்சியிலிருந்து விரலை எடுத்துவிட வேண்டியதுதான். போதிய உயரம் இருந்தால் மிச்சத்தை இறக்கை பார்த்துக்கொள்ளும். அமெரிக்காவின் சிக் நிறுவனம் வெளியிட்ட கடெட் வரிசை இதற்கு நல்ல உதாரணம்.

இறக்கையை உடலோடு பிணைப்பது வெறும் றப்பர் வளையங்கள். முதலில் பார்ப்பவருக்கு இது கைக்காசு இல்லாதவன் செய்த வேலையாகத் தோன்றும். விமானம் தரையில் மோதும்போது வளையங்கள் இழுபட்டு இறக்கையை நழுவ விடுகின்றன. போல்ட் போட்டு இறுக்கியிருந்தால் அதே அதிர்ச்சியை மரம் வாங்கி, உள்ளே விலாக்கள் முறியும். எது விட்டுக்கொடுக்க வேண்டும் என்பதைக் கட்டும்போதே முடிவு செய்திருக்கிறார்கள். இந்தக் கலையில் நான் மிக ரசிப்பது அதைத்தான். வெயிலில் வெடித்த வளையத்தை மட்டும் இரண்டாம் தரம் போடக் கூடாது.

மரம் போல்சா, பெரும்பாலும் ஈக்வடோரில் விளைவது. அதில் இலேசான துண்டு தண்ணீரின் எடையில் ஆறில் ஒரு பங்குகூட வராது. நல்ல கைக்காரர் பலகைகளை விரலால் வளைத்துப் பார்த்தே பிரிப்பார்: உறுதியானது இறக்கையின் முதுகெலும்புக்கு, மிக இலேசானது வாலுக்கு. வால் தூரத்தில் இருப்பதால் அங்கே கூடும் ஒரு கிராமுக்கு மூக்கில் அதைவிட அதிகம் ஈடுகட்ட வேண்டிவரும். கட்டி முடித்ததும், இறக்கையின் முன்விளிம்பிலிருந்து அதன் அகலத்தில் கால் முதல் மூன்றிலொரு பங்குக்குள், வரைபடம் சொல்லும் இடத்தில் இரு விரல் கொடுத்துத் தூக்கிப் பார்ப்பார்கள். வல்வெட்டித்துறையில் தைப்பொங்கலுக்குப் பட்டம் ஏற்றுபவர்களுக்கு இந்தச் சமன் புதிதல்ல. பட்டத்தோடு நூலைப் பிணைக்கும் முச்சையைக் கட்டும் இடத்தில் அவர்கள் தேடுவதும் இதைத்தான்.

மின்வேலை கண்ணுக்கு அழகில்லை, ஆனால் ஒழுங்கில் அழகு உண்டு. மேசையில் சோதிக்கும்போது புரொப்பெல்லரைக் கழற்றிவிட வேண்டும். முதலில் கையிலுள்ள றேடியோ, பிறகுதான் விமானத்தின் பற்றரி; அணைப்பது தலைகீழாக. தொடர்பு அறுந்தால் மோட்டார் தானே நிற்கும்படி அமைத்து, அதைத் தரையிலேயே சோதிக்க வேண்டும். விமானத்தின் பின்னால் நின்று குச்சியை வலப்பக்கம் தள்ளினால் வல இறக்கையின் பின்விளிம்பில் அசையும் எய்லரான் மேலே எழவேண்டும். மாற்றி இணைத்த கம்பியோடு பறக்கவிட்டு முதல் திருப்பத்திலேயே விமானத்தை இழந்தவர்கள் உண்டு. லித்தியம் பற்றரியைக் கிடுகு வேலிக்கோ கூரைக்கோ பக்கத்தில் சார்ஜ் போடவே கூடாது. வீங்கியதை மறுபடி பாவிக்கவும் கூடாது.

இதே கைவேலை போட்டிக்களத்துக்கும் போகும். சென்னை குரோம்பேட்டை எம்.ஐ.டி.யின் தக்‌ஷா குழு 2018இல் அவுஸ்திரேலியாவில் ஆளில்லா விமானப் போட்டியொன்றில் இரண்டாமிடம் பெற்றது. அப்போது அதன் ஆலோசகராக இருந்த நடிகர் அஜித்குமார் மாதிரி விமானப் பித்தர். இலங்கையின் வடகிழக்கில் இந்தப் பித்துக்கு வேறு பாரம் உண்டு. போரின்போது வேவு விமானத்தை வன்னிச் சனம் ‘வண்டு’ என்று அழைத்த காலம் இன்னும் நினைவிலிருந்து போகவில்லை. 2019 ஏப்ரல் குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு இலங்கையில் ஆளில்லா விமானங்களுக்குத் தடை வந்தது. இங்கே பறக்கவிட நினைப்பவர் முதலில் சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையிடம் விதிகளைக் கேட்டறிவது நல்லது, பிறகு ஊராரிடமும் சொல்லிவைப்பது.

வடகிழக்கின் புல்மோட்டைக் கரையில் இன்னும் இரண்டு சிக்கல். கச்சான் காற்று தரையிலிருந்து கடலுக்கு வீசும்; மோட்டார் நின்றால் விமானம் வங்கக் கடலுக்குத்தான். கச்சான் வீசும் மாதங்களில் கரையை விட்டு உள்ளே, திறந்த வெளியில் பறப்பதே புத்தி. மற்றது மணல். அந்தக் கரையின் கறுப்பு மணலிலுள்ள இல்மனைட் என்ற கனிமத்தைக் காந்தத்தால்தான் பிரித்தெடுக்கிறார்கள். விமான மோட்டாருக்குள்ளும் வலுவான காந்தங்கள் இருக்கின்றன. மணலில் இறங்கினால் துகள்கள் ஏறி ஒட்டிக்கொள்ளும். பாய் விரித்து அதன்மேல் வைத்தே வேலை செய்யலாம், இறங்குவதற்குப் புல்தரை தேடலாம்.

இல்மனைட்டிலிருந்து கிடைக்கும் டைட்டேனியம் டையொக்சைட்தான் வெள்ளைப் பெயிண்டின் வெண்மை. இறக்கையின் அடிப்பக்கத்துக்கு மட்டும் அது வேண்டாம்: வெளிறிய வானத்தில் வெள்ளை கரைந்துபோகும், விமானம் வருகிறதா போகிறதா என்று தெரியாது. அடியில் அகலமான கறுப்புப் பட்டைகள், மேலே செம்மஞ்சள் பூசுங்கள்.