எழுத்து சரி, வெட்டுதான் வேறு

சூசன் சொன்டாக் 1978இல் வெளியிட்ட ‘இல்னஸ் ஆஸ் மெட்டஃபர்’ நூலின் கோரிக்கை, நோயை உருவகங்களிலிருந்து விடுவிக்க வேண்டும் என்பது. புற்றுநோய் ‘படையெடுக்கிறது’ போன்ற போர்ப் பேச்சு பற்றி அவர் சொன்னது சரி. ஆனால் உருவகமே வேண்டாம் என்பது நடக்கிற காரியமா?

இன்று போரோடு இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது: ‘டிஎன்ஏவில் எழுத்துப்பிழை’. எங்கள் தொழிலின் வாடை அடிப்பதாலேயே எனக்கு இதன்மேல் கூடுதல் சந்தேகம். கோடில் ஒரு வரி தப்பு, ப்ரோக்ராம் படுத்துவிட்டது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. கருப்பை வாய்ப் புற்றுநோயில் இது பாதிக் கதைகூட இல்லை. 1951இல் ஹென்ரியட்டா லாக்ஸின் கட்டியிலிருந்து எடுத்த ஹீலா செல்களில், கட்டியைத் தடுக்கும் பி53 மரபணு பிழையில்லாமல்தான் இருக்கிறது. அது தரும் புரதத்தை ஹெச்பிவி வைரஸின் ஈ6 புரதம் அழிவுக்கு அனுப்பிவிடுகிறது.

இன்னும் நுட்பமான வேலை ‘ஸ்ப்ளைஸிங்’கில் நடக்கிறது. மரபணுவிலிருந்து நகலெடுத்த ஆர்என்ஏவில் சில துண்டுகளை வெட்டி எறிந்து, மிச்சத்தை ஒட்டினால்தான் புரதத்துக்கான வாசகம் தயாராகும். வெட்டு மாறினால் ஒரே மரபணு வேறு புரதம் தரும். (இந்தச் சொல்லே கயிறு முடைவதிலிருந்தும் படச்சுருள் ஒட்டுவதிலிருந்தும் வந்த உருவகம்தான், சொன்டாக் மன்னிக்க.) 1977இல் ஃபிலிப் ஷார்ப், ரிச்சர்ட் ராபர்ட்ஸ் குழுக்கள் இதைக் கண்டுபிடித்ததே அடினோவைரஸில்தான்.

ஹெச்பிவி தன் ஆர்என்ஏவை நம் செல்லின் கத்தரிக்கோலாலேயே வெட்டிக்கொள்கிறது. வெட்டாமல் விட்டால் முழு ஈ6. வெட்டினால் குட்டை ஈ6, கூடவே ஈ7 உற்பத்தியும் எளிதாகிறது. அந்த ஈ7, ஆர்பி என்ற காவல் புரதத்தை முடக்க, ஈ2எஃப்1 விடுபட்டு, எஸ்ஆர்எஸ்எஃப்10 என்ற வெட்டுப் புரதத்தைக் கூட்டுகிறது. பிறகு நம் ஆர்என்ஏவும் வேறு மாதிரி வெட்டுப்படுகிறது. உதாரணமாக ஐஎல்1ஆர்ஏபி புரதத்தில் வெளியே கரைந்துபோகும் வடிவம் குறைந்து, செல் சவ்வில் நிற்கும் வடிவம் கூடுகிறது. அது கட்டிக்குச் சாதகம். மூல டிஎன்ஏவில் ஓர் எழுத்துகூட மாற வேண்டியதில்லை. பிறழ்வுகள் பிறகு சேரலாம், அது வேறு.

‘பிழை’ என்றதும் வீட்டில் வரும் கேள்வி, “உங்க குடும்பத்துல யாருக்காச்சும் இருந்துச்சா?” பழி அந்தப் பெண்ணின் ரத்தத்தில் போய் உட்கார்ந்துவிடுகிறது. வந்ததோ வெளியிலிருந்து, 2006 முதல் தடுப்பூசியும் இருக்கிறது. வைரஸ் என்று சொன்னால் ஒழுக்கப் பழி வேறு காத்திருக்கிறது, அதுவும் தெரிந்ததுதான்.

அதனால் எனக்கு எழுத்துப்பிழையைவிட எடிட்டிங் மேசை பரவாயில்லை. அதிலும் குறை உண்டு: அங்கே எடிட்டர் என்று யாரும் உட்கார்ந்திருக்கவில்லை. ஒரே செல்லில் இரண்டு வெட்டுகளும் ஓடிக்கொண்டிருக்கும்; வைரஸ் மாற்றுவது விகிதத்தை.