கரையை விடுங்கள், உடலைப் பாருங்கள்

பட்டுச் சேலையை விரித்ததும் எல்லார் கண்ணும் முதலில் முந்திக்குத்தான் ஓடுகிறது. அடுத்து கரை. ஜரிகை எவ்வளவு, அகலம் எவ்வளவு என்று மனசுக்குள் கணக்குப் போட்டுவிட்டு விலையைக் கேட்கிறோம். காஞ்சிபுரத்துக் கல்யாணப் பட்டை அப்படிப் பார்த்தாலும் ஓரளவு தேறிவிடும். ஆரணிப் பட்டை அப்படிப் பார்த்தால் பாதி அழகு கண்ணில் படாமலே போய்விடும். மெல்லிய நூல், அதிகம் பாரமில்லாத ஜரிகை, உடம்போடு ஒட்டி விழும் மடிப்பு என்று அதன் செல்வம் முழுக்க உடல் பகுதியில்தான் இருக்கிறது. விலை குறைவு என்பதற்காக அதைக் ‘காஞ்சிப் பட்டுக்குத் தங்கை’ என்று ஒதுக்குகிறவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. ஆரணிப் பட்டு தனக்கென்று புவிசார் குறியீடு பெற்ற துணி. அதற்கென்று ஒரு குணம் இருக்கிறது.

அந்தக் குணத்தைப் பார்க்க ஏற்ற இடம் திருவண்ணாமலைதான். முகூர்த்த நாளில் அண்ணாமலையார் கோயிலுக்குள் போய்ப் பாருங்கள். கார்த்திகை தீபத்தின் பத்து நாளும் மாடவீதிகளில் நின்று பாருங்கள். ஏழாம் நாள் தேரன்று பெண்கள் மணிக்கணக்கில் நிற்கிறார்கள், நடக்கிறார்கள், வடம் பிடிக்கிறார்கள். ஒரு கிலோவைத் தொடும் சேலையைக் கட்டிக்கொண்டு அந்தக் கூட்டத்தில் நகர முடியாது. மெல்லிய பட்டின் அருமை அங்கே புரியும். கொசுவம் கலையாமல் காலோடு வருகிறது. தோளில் முந்தி இறுக்குவதில்லை. கடைப் பொம்மையின் மேல் இருக்கும்போது இதில் எதுவும் தெரியாது.

அடுத்தது வெளிச்சம். கடையின் டியூப்லைட்டில் நிறத்தை முடிவு செய்யாதீர்கள். சேலையை வாசலுக்குக் கொண்டுபோய், ஒரு முழத்தை மடித்து வெயிலில் மெல்ல அசையுங்கள். நெடுக்கே ஓடும் பாவு ஒரு நிறம், குறுக்கே ஓடும் ஊடை வேறு நிறம் என்று நெய்திருந்தால், அசைவுக்கு ஏற்ப நிறம் மாறும். மயில்கழுத்து என்று கேட்டு வாங்குகிறோமே, அது சாயத்தொட்டியில் பிறந்த ஒற்றை நிறம் இல்லை. நீலமும் பச்சையும் இழைக்கு இழை குறுக்கே போய், நம் கண்ணில் கலக்கிற நிறம். மடிப்பின் மேட்டில் ஒன்று முந்தும், பள்ளத்தில் மற்றது. ஜரிகையே இல்லாத வெறும் உடல் இத்தனை வேலை செய்வதைப் பார்த்துவிட்டால், பிறகு கரை கண்ணை இழுக்காது.

அப்புறம் சேலையைத் திருப்பிப் போடுங்கள். நெய்தவரின் கை பின்பக்கத்தில்தான் பேசும். உடலும் கரையும் வெவ்வேறு நிறமாக, நடுவில் கூர்மையான கோடு விழுந்திருந்தால் அது கோர்வையா என்று பாருங்கள். கோர்வையில் ஊடையைக் கொண்டுபோகும் நாடா உடலுக்கு ஒன்று, இரண்டு கரைக்கும் ஒவ்வொன்று என்று மூன்று ஓடும். கரை ஊடையும் உடல் ஊடையும் சந்திக்கிற இடத்தில் ஒன்றையொன்று கொக்கி போட்டுப் பிடித்துக்கொள்ளும். விரலால் தடவினால் அந்த இணைப்பு லேசாகத் தட்டுப்படும். தறியில் இதற்கு இரண்டு பேர் வேண்டும். ஒரு காலத்தில் அந்த இரண்டாவது ஆளாக உட்கார்ந்தது பல வீடுகளில் பள்ளிக்குப் போகவேண்டிய பிள்ளை. கோர்வையின் அழகைச் சொல்லும்போது இதையும் சொல்லாமல் விடக்கூடாது. அப்படியே துணியின் ஓரத்தையும் கவனியுங்கள். நெய்யும்போது அகலம் சுருங்காமல் பிடித்து நிறுத்தும் கம்பின் ஊசித்தடம் இரண்டு ஓரத்திலும் சின்னச் சின்னப் புள்ளியாக இருக்கும். அது குறை இல்லை, கைத்தறியின் அடையாளம். கைத்தறிக்கென்று சில துணி வகைகளை ஒதுக்கி 1985லேயே சட்டம் வந்தது. அந்தப் பட்டியலில் சேலையும் இருக்கிறது. ஆனாலும் விசைத்தறித் துணி கைத்தறிப் பெயரில் விற்பனைக்கு வருகிறது. ஓரத்தைப் பார்க்கப் பழகியவரை ஏமாற்றுவது கடினம்.

பட்டு அசலா என்பதற்கு ஓர் இழையைப் பிரித்துக் கொளுத்தினால் போதும். முடி கருகும் வாடை வந்து, சாம்பல் விரலில் நொறுங்கினால் பட்டு. உருகி மணியாகத் திரண்டால் பாலியெஸ்டர். சில்க் மார்க் சீட்டு இருந்தால் இந்தச் சிரமமும் இல்லை. ஜரிகையைச் சுரண்டிப் பார்த்தால், வெள்ளி இழை சுற்றிய அசல் ஜரிகையில் உள்ளே சிவப்புப் பட்டு நூல் தெரியும்.

இதெல்லாம் தெரிந்தபின் ஒரு நாள் விடியலில் ஆரணிக்குப் பஸ் ஏறுங்கள். திருவண்ணாமலையிலிருந்து சுமார் 60 கிலோமீட்டர்தான். பெரியநாயகி அம்மன் கோயிலுள்ள தேவிகாபுரமும் நெசவு ஊர்தான். வெயில் ஏறுமுன் தெருவின் நீளத்துக்குப் பாவை இழுத்துக் கட்டியிருப்பார்கள். குடும்பமே இருபக்கமும் நின்று இழை பிரித்து, அறுந்ததை முடிந்து, கஞ்சி போட்டு நீவும். வெயில் சுள்ளென்று அடித்தால் இழை முறுகி அறுந்துவிடும் என்பதால்தான் அந்த அவசரம். பழைய பாவு தீரும்போது புதுப் பாவின் இழைகளை ஒவ்வொன்றாக விரலால் முறுக்கி இணைப்பார்கள். ஆயிரக்கணக்கான இழை! அந்த வேலையில் பெரும்பங்கு பெண்களுடையது. சேலை விலையைப் பேசும்போது அது யாருக்கும் நினைவுக்கு வருவதில்லை.

அசாமில் பிரம்மபுத்திரா கரையிலுள்ள சுவால்குச்சிக்குப் போனால் தறியிலேயே பெண்கள் உட்கார்ந்திருப்பார்கள். அவர்கள் நெய்யும் மூகா பட்டின் பொன்னிறம் சாயத்தில் வருவதில்லை; புழுவே தருவது. இடுப்புக்கு மேகலா, மேலுக்குச் சாதர் என்று இரண்டு துண்டாக உடுத்துகிறார்கள். 2007ல் அந்தப் பட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. மூகாவிலும் முதலில் பார்க்கவேண்டியது உடலின் நிறத்தைத்தான். ஆரணியில் கண்ணைப் பழக்கியவருக்கு அது எளிதில் பிடிபடும்.

சேலையை வாங்கியவர்கள் பீரோவில் பூட்டி வைக்காமல் கட்டுங்கள். பருத்தித் துணியில் சுற்றி வையுங்கள். சென்ட்டை நேராக அதன்மேல் அடிக்காதீர்கள். சில மாதத்துக்கு ஒரு முறை பிரித்து நிழலில் காற்றாட விட்டு, மடிப்பை மாற்றி மடியுங்கள். ஒரே மடிப்பில் வருஷக்கணக்கில் கிடந்தால் பட்டும் ஜரிகையும் அந்தக் கோட்டிலேயே விட்டுப்போகும்.