23-ஆம் வசனத்துக்கு முன்னால்

ஆண்டிறுதி ஆராதனையில் வாக்குத்தத்த அட்டை எடுப்பது இன்று தமிழகச் சபைகளில் ஏறக்குறைய ஒரு சடங்காகிவிட்டது. தட்டில் கவிழ்த்து வைத்ததில் ஒன்றை எடுத்து, வருஷம் முழுக்கக் கர்த்தர் தனக்குச் சொன்ன வார்த்தை அதுவே என்று வைத்துக்கொள்கிறோம். பவுலின் நிருபங்களையும் இப்படியே துண்டுதுண்டாக வாசிக்கப் பழகிவிட்டோம். சாமானிய விசுவாசிக்குப் பின்னணியெல்லாம் எதற்கு, நாளுக்கொரு வசனம் போதாதா என்று மேடையிலேயே நியாயம் சொல்கிறார்கள். எனக்கு அது நியாயமாகப் படவில்லை.

வசனம் ஆறுதல் தரும், மறுக்கவில்லை. எழுதப் படிக்கத் தெரியாத தாய்மார் நெஞ்சில் பதிந்த நாலு வசனத்தைப் பிடித்துக்கொண்டே குடும்பத்தைக் கரையேற்றியிருக்கிறார்கள். நோயாளியின் கட்டிலருகே ஒரு வசனம் போதும். அந்த மட்டில் வழக்கம் நல்லதே.

ஆனால் நிருபங்களில் பெரும்பாலானவை சபைக்கு வந்த கடிதங்கள். தெசலோனிக்கேயருக்கு எழுதிய முதல் நிருபத்தை எல்லாச் சகோதரருக்கும் வாசித்துக் காட்டவேண்டும் என்று பவுல் ஆணையிட்டே முடிக்கிறார். புதிய ஏற்பாட்டில் இன்றுள்ள வசன எண்கள் 1551-இல் ஓர் அச்சகர் போட்டவை. பிலிப்பியர் நான்காம் அதிகாரத்தில் பெலனைப் பற்றிய வசனத்தைப் பரீட்சைக்குப் போகும் பிள்ளைக்குக் கொடுக்கிறோம். அதே அதிகாரத்தின் தொடக்கத்தில் எயோதியாள், சிந்திகேயாள் என்ற இரு பெண்களைப் பேர் சொல்லி அழைத்து, ஒத்துப்போகும்படி பவுல் வேண்டுகிறார். அதை எந்த அட்டையிலும் நான் பார்த்ததில்லை.

திருவிருந்து ஞாயிறைப் பாருங்கள். 1 கொரிந்தியர் 11-இல் பெரும்பாலும் 23-ஆம் வசனத்தில்தான் வாசிப்பு தொடங்கும். அபாத்திரமாய்ப் பங்குபெறக் கூடாது என்ற இடம் வந்ததும் தலைகுனிந்து, அந்த வாரம் சொன்ன பொய்யையும் பட்ட கோபத்தையும் நினைத்துக்கொள்வோம். 17-இலிருந்து வாசித்திருந்தால் பவுல் எந்தப் பாவத்தைக் கண்டிக்கிறார் என்பது தெரிந்திருக்கும். வசதியுள்ளவர்கள் முந்திச் சாப்பிட்டு முடித்தார்கள். இல்லாதவர்கள் பசியோடு நின்றார்கள். மற்றவர் வரும்வரை பொறுத்திருக்கும்படி 33-ஆம் வசனத்தில் தீர்ப்பும் சொல்லிவிடுகிறார். முன்னும் பின்னும் விட்டுவிட்டால் பந்தியில் நடந்த அநியாயம் மறைந்து, தனி ஆளின் மனசாட்சி மட்டும் மிஞ்சுகிறது.

இப்படி வாசிப்பது சாதிக்கு எவ்வளவு வசதி! நம் திருக்கோவிலூர் இருக்கும் இதே கள்ளக்குறிச்சி மாவட்டத்தில்தான் எறையூர் இருக்கிறது. தலித் கிறிஸ்தவர்கள் தங்களுக்குத் தனிப் பங்கு கேட்டதைத் தொடர்ந்து 2008 மார்ச்சில் அங்கே வன்னியக் கிறிஸ்தவர்களோடு மோதல் மூண்டது; போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இருவர் செத்தார்கள். அது கத்தோலிக்கப் பங்கு, நமக்கென்ன என்று சீர்திருத்த சபையார் ஒதுங்க முடியாது. சாதி பார்த்துப் பெண் கொடுப்பதும் சாதி பார்த்துச் சபைத் தேர்தலில் ஓட்டுப் போடுவதும் நம்மிடமும் உண்டு.

இந்த மண்ணுக்கென்றே எழுதியதுபோல் இருக்கிறது கலாத்தியர் இரண்டாம் அதிகாரம். அந்தியோகியாவில் புறஜாதியாரோடு உண்டுகொண்டிருந்த பேதுரு, யாக்கோபிடமிருந்து ஆட்கள் வந்ததும் பயந்து விலகிக்கொள்கிறார். பவுல் எல்லார் முன்னிலையிலும் அவரை எதிர்த்துக் கேட்கிறார். யாரோடு உட்கார்ந்து சாப்பிடுகிறாய் என்பதைச் சுவிசேஷத்தின் உரைகல்லாக வைக்கிறார். நம் பகுதியின் மிஷன் வரலாறே இதைக் கேட்டு எழுந்ததுதான். சபைக்குள் சாதியை விட்டுவைக்க முடியாதென்று லைப்சிக் மிஷனை விட்டுப் பிரிந்தவர் கார்ல் ஓக்ஸ். அவர் மேல்பட்டாம்பாக்கத்தில் தொடங்கிய ஊழியத்தை 1860-களில் டேனிஷ் மிஷன் ஏற்றது. திருக்கோவிலூரின் டேனிஷ் மிஷன் ஆஸ்பத்திரியும் ஆற்காடு லுத்தரன் திருச்சபையும் அந்த வழியில் வந்தவை. அந்தப் பரம்பரைக்காரர்கள் கையிலும் நிருபம் அட்டையாகச் சுருங்குவது எனக்குப் பொறுக்கவில்லை.

அடுத்த திருவிருந்தில் 17-ஆம் வசனத்திலிருந்து வாசிக்கட்டும். கலாத்தியரை ஓர் ஆராதனையில் முழுவதும் உரக்க வாசிக்கட்டும், அரைமணி போதும். அதைக் கேட்ட பிறகும் பந்தியிலும் கல்லறைத் தோட்டத்திலும் சாதிக் கோடு போடும் சபை, பவுலின் பேரைச் சொல்லி அதைச் செய்ய முடியாது.