ஹைண்டல் டாரட்: பல பண்பாட்டு அட்டைக் கட்டின் ஈர்ப்பும் எல்லையும்

ஹைண்டல் டாரட், ஜெர்மானிய ஓவியர் ஹெர்மன் ஹைண்டல் வரைந்த 78 அட்டைகள் கொண்ட டாரட் கட்டு. 1980களின் இறுதியில் வெளிவந்தது. இந்தியா, எகிப்து, ஐரோப்பா, வட அமெரிக்கத் தொல்குடிகள் ஆகிய நான்கு பண்பாட்டு வட்டங்களின் தெய்வங்களையும் தொன்ம மாந்தரையும் ஒரே கட்டில் சேர்த்தது இதன் தனித்தன்மை. குறி பார்ப்பதற்கும் தியானத்துக்கும் இதைப் பயன்படுத்துகிறார்கள். எல்லாப் பண்பாடுகளையும் சமமாக மதிக்கும் கட்டு என்ற பெயர் இதற்கு உண்டு. அந்தப் பெயர் எவ்வளவு தூரம் பொருந்துகிறது என்பது ஆராயத்தக்கது.

பின்னணி

டாரட் முதலில் ஒரு சீட்டாட்டம். 15ஆம் நூற்றாண்டில் வட இத்தாலியில், வழக்கமான சீட்டுக் கட்டுடன் படம் வரைந்த துருப்புச் சீட்டுகளைச் சேர்த்து இதை ஆடினார்கள். 1781ல் பிரெஞ்சு அறிஞர் கூர் த ஜெபலின், இந்தப் படங்கள் பண்டைய எகிப்தியரின் மறைஞானம் என்று எழுதினார். எகிப்தியச் சித்திர எழுத்துகளை ஷாம்போலியன் படித்தறிந்தது 1822ல்தான். எனவே ஜெபலினின் கூற்று சான்றில்லாத ஊகம். ஆனால் அந்த ஊகமே டாரட்டை ஆட்ட மேசையிலிருந்து குறி பார்ப்பவரின் மேசைக்குக் கொண்டுசென்றது. அதன்பின் எபிரேய எழுத்துகள், சோதிடம் எனப் பலவும் அதன்மேல் ஏற்றப்பட்டன. 1909ல் லண்டனில் வெளியான ரைடர் கட்டின் படங்களை பமேலா கோல்மன் ஸ்மித் வரைந்தார். இன்றைய கட்டுகளில் பெரும்பாலானவை அதன் வழிவந்தவை. அதில் வருபவர்கள் பெரும்பாலும் இடைக்கால ஐரோப்பிய உடையணிந்த அரசர், அரசி, வீரர்கள்.

ஹைண்டல் 1927ல் பிறந்தவர். இளம் வயதிலேயே போருக்கு அனுப்பப்பட்டு, சோவியத் ஒன்றியத்தில் போர்க்கைதியாக இருந்தவர். புண்பட்ட பூமி ஆற்றப்பட வேண்டும் என்ற ஏக்கம் அவருடைய படங்களில் தொடர்ந்து வருகிறது. முதல் அட்டையான ‘முட்டாள்’ அட்டையில் காயம்பட்ட அன்னம் ஒன்று இடம்பெறுவது இதற்குச் சான்று.

அமைப்பு

78 அட்டைகளில் 22 பெரிய அட்டைகள். 56 சிறிய அட்டைகள். பெரிய அட்டை ஒவ்வொன்றிலும் ஓர் எபிரேய எழுத்தும், ரூன் எனப்படும் பழைய ஜெர்மானிய எழுத்து ஒன்றும், ஒரு சோதிடக் குறியும் உள்ளன. சிறிய அட்டைகளில் இரண்டு முதல் பத்து வரையிலான எண் அட்டைகளில் சீனத்து ஈ சிங் நூலின் ஆறு கோட்டுக் குறிகள் வருகின்றன.

ராஜா, ராணி முதலிய அட்டைகளுக்குப் பதிலாக ஒவ்வொரு பிரிவிலும் தாய், தந்தை, மகள், மகன் என நான்கு அட்டைகள் உள்ளன. ஒவ்வொரு பிரிவும் ஒரு திசைக்கு உரியது.

கோல் (கிழக்கு, இந்தியா): காளி, பிரம்மா, ராதை, கிருஷ்ணன்.
கிண்ணம் (வடக்கு, ஐரோப்பா): வில்லண்டார்ஃப் சிலை, ஓடின், பிரிஜிட், பார்சிவால்.
வாள் (தெற்கு, எகிப்து): நூட், ரா, ஐசிஸ், ஒசைரிஸ்.
கல் (மேற்கு, வட அமெரிக்கா): சிலந்திப் பெண், கிழவர், வெள்ளை எருமைப் பெண், சியாட்டில் தலைவர்.

அமெரிக்க எழுத்தாளர் ரேச்சல் போலாக் இக்கட்டுக்கு இரண்டு தொகுதிகளில் விளக்கநூல் எழுதினார்.

ஈர்ப்பு

ஐரோப்பிய அரசவைப் படங்களில் தம்மைக் காணமுடியாத வாசகர்கள் உலகெங்கும் உண்டு. அவர்களுக்கு இக்கட்டு ஓர் இடம் தருகிறது. காளியை அஞ்சத்தக்க வேற்றுநாட்டுப் பொம்மையாகக் காட்டாமல், ஒரு பிரிவுக்கே தாயாக வைத்திருப்பது சிறிய செயலன்று.

இரண்டாவது காரணம், குறி பார்க்கும் முறையோடு தொடர்புடையது. அட்டை எதிர்காலத்தை அறிவிக்கிறது என்பதற்குச் சான்று இல்லை. ஆனால் மனத்தில் உள்ளதைப் பேசத் தயங்கும் ஒருவருக்கு, படம் பேச்சைத் தொடங்கிவைக்கிறது. படத்துக்குப் பின்னால் ஒரு முழுத் தொன்மக் கதை இருக்கும்போது அந்தப் பேச்சு ஆழமாகிறது. கணவன் கொல்லப்பட்டு உடல் சிதறடிக்கப்பட்டபின், அதைத் துண்டு துண்டாகத் தேடிச் சேர்த்த ஐசிஸின் கதை, இழப்பில் இருப்பவருக்கு ஏதோ ஒன்றைச் சொல்லக்கூடும்.

தமிழ் வாசகருக்கு இது புதிதன்று. கிளி சோதிடரின் சீட்டுகளில் முருகன், அம்மன் படங்களோடு ஏசு, மாதா படங்களும் வருவதுண்டு. அங்கே அந்தச் சேர்க்கை தெருவிலிருந்து வந்தது. சீட்டு எடுக்க வருபவர்கள் அந்தந்தத் தெய்வங்களை வணங்குபவர்கள். ஹைண்டலின் சேர்க்கை ஓர் ஓவியரின் படிப்பிலிருந்தும் பயணத்திலிருந்தும் வந்தது. இந்த வேறுபாடு முக்கியமானது.

விமர்சனம்

குடும்ப அமைப்பே இக்கட்டின் முதற்குறை. எகிப்தியப் பிரிவில் அது ஓரளவு பொருந்துகிறது. ஐசிஸும் ஒசைரிஸும் நூட்டின் மக்கள். ஆனால் அவர்களின் தந்தையாகப் பொதுவாகச் சொல்லப்படுபவர் நிலத்தெய்வமான கெப். சூரியக் கடவுள் ரா அல்ல. இந்தியப் பிரிவில் அமைப்பு முற்றிலும் உடைகிறது. காளி சிவனோடு சேர்ந்தவள். பிரம்மாவின் இணை சரஸ்வதி. காளியையும் பிரம்மாவையும் தாய் தந்தையாக வைக்கும் மரபு இல்லை. மகள், மகன் என்ற இடங்களில் ராதையையும் கிருஷ்ணனையும் வைக்கும்போது, பக்தி இலக்கியத்தின் மாபெரும் காதலர்கள் உடன்பிறந்தோர் ஆகிவிடுகிறார்கள். தாய், மகள் என்பவை உறவுப் பெயர்கள் அல்ல, ஆற்றலின் நிலைகள் என்று ஆதரவாளர்கள் விளக்கலாம். ஆனால் உறவுப்பெயர் சூட்டிவிட்டு உறவாக எண்ணாதே என்பது பொருந்தாது. எகிப்துக்கு ஏறக்குறையச் சரியாக இருந்த சட்டகம் இந்தியாவின்மேல் அப்படியே வைக்கப்பட்டிருக்கிறது.

வட அமெரிக்கப் பிரிவின் சிக்கல் இன்னும் பெரியது. சிலந்திப் பெண் தென்மேற்குப் பாலைநிலத்து ஹோப்பி, நவஹோ மக்களின் கதைகளில் வருபவள். வெள்ளை எருமைப் பெண் பெருஞ்சமவெளியின் லகோட்டா மக்களுக்குப் புனிதக் குழாயை அளித்தவள். சியாட்டில் பசிபிக் கரையோரத்து சுக்வாமிஷ், டுவாமிஷ் மக்களின் தலைவர். மொழியும் சடங்கும் வேறுவேறான இம்மக்கள் இங்கே ஒரே குடும்பமாகிறார்கள்.

அவர்களில் சியாட்டில் தொன்ம மாந்தர் அல்லர். 1866ல் மறைந்த, கத்தோலிக்கராக ஞானஸ்நானம் பெற்ற மனிதர். பூமியைப் பற்றி அவர் ஆற்றியதாக உலகம் அறிந்த உரையும் அவருடைய சொற்கள் அல்ல. 1850களில் அவர் பேசியதாக ஹென்றி ஸ்மித் என்பவர் 1887ல் ஒரு செய்தி இதழில் எழுதியது முதல் வடிவம். சுற்றுச்சூழல் உரையாகப் பரவிய வடிவம், 1970களின் தொடக்கத்தில் ஒரு படத்துக்காக டெட் பெரி எழுதிய வசனம். மற்ற மூன்று பிரிவுகளிலும் தெய்வங்களும் காவிய மாந்தரும் இருக்க, இங்கே மட்டும் அண்மைக்கால மனிதர் ஒருவர் தொன்மமாக்கப்படுகிறார். நிலம் பறிக்கப்பட்ட ஒரு சமூகத்தின் தலைவர் ஞானச் சின்னமாக மாறும்போது, அந்தப் பறிப்பு பார்வையிலிருந்து மறைகிறது.

திசைகளையும் கவனிக்க வேண்டும். இந்தியா கிழக்கு, எகிப்து தெற்கு, அமெரிக்கா மேற்கு என்பது ஐரோப்பாவில் நிற்பவருக்கு மட்டுமே உண்மை. மதுரையிலிருந்து பார்த்தால் எகிப்து வடமேற்கில் உள்ளது. நான்கு பண்பாடுகளும் சமம் என்று சொல்லும் வரைபடத்தில், பார்ப்பவர் நிற்கும் இடம் மட்டும் மாறவில்லை.

மதிப்பீடு

இக்குறைகளால் ஹைண்டலின் நோக்கம் பொய்யாகிவிடாது. போரின் அழிவைக் கண்ட ஒருவர், பிரிந்து கிடக்கும் மக்களின் புனிதங்களை ஒரே மேசையில் வைக்க முயன்றார். அந்த விருப்பம் ஓவியங்களில் தெரிகிறது. ஆனால் பல பண்பாடுகளின் தெய்வங்கள் இடம்பெறுவது மட்டுமே பன்மைக்குப் போதாது. அவை தத்தம் கதையோடும் உறவுகளோடும் இடம்பெற வேண்டும்.

எனவே இக்கட்டைப் பயன்படுத்துவோர், பழக்கமில்லாத ஒரு தெய்வத்தின் அட்டை வரும்போது, அந்தத் தெய்வம் எந்த மக்களுடையது, அவர்கள் இன்று எங்கே எப்படி வாழ்கிறார்கள் என்பதையும் தேடிப் படிப்பது நல்லது. ராதையை மகள் என்று ஏற்கத் தயங்கும் தமிழ் வாசகர், வெள்ளை எருமைப் பெண்ணின் அட்டையைப் பார்க்கும் ஒரு லகோட்டாவுக்கும் அதே தயக்கம் எழக்கூடும் என்பதை எளிதில் புரிந்துகொள்வார்.