‘மகா’ என்னும் அடைமொழி: அலெக்சாந்தரின் பெருமை பற்றிய ஓர் ஆய்வு

வரலாற்றில் சில பெயர்கள் அடைமொழியின்றி வழங்குவதில்லை. மாசிடோனிய வேந்தன் அலெக்சாந்தரின் பெயர் அத்தகையது. கி. மு. 356-இல் பிறந்து, 336-இல் அரியணை ஏறி, 323-இல் பாபிலோன் நகரில் முப்பத்து மூன்று ஆண்டும் நிரம்பாமல் மாண்ட இவ்வரசனை நம் நூல்கள் பலவும் ‘மகா அலெக்சாந்தர்’ என்றே குறித்து வந்துள்ளன. அவ்வடைமொழி தகுதியால் வந்ததா, வழக்கால் நிலைத்ததா என்பதே ஈண்டு ஆராயத்தக்கது. தமிழில் ‘பெரியர்’ என்னும் சொல் அளவை மட்டும் சுட்டுவதன்று. பண்பையும் உடன் சுட்டுவது. ஆதலின் பிறமொழி அடைமொழி ஒன்றைப் பெயர்த்து வழங்கும்போது, அம்மொழியார் கருதாத நற்சான்று ஒன்றையும் நாம் சேர்த்து வழங்கிவிடுகின்றோம். வரலாற்றாசிரியர்க்கே அன்றி மொழி பயில்வோர்க்கும் இவ்வினா உரியதாதல் இதனாலேயே ஆகும்.

1. அடைமொழியின் தோற்றம்

அலெக்சாந்தர் வாழ்நாளிலேயே இப்பெயர் வழங்கிற்று என்பதற்குச் சான்று இல்லை. இன்று கிடைக்கும் நூல்களுள் இதனை முதன்முதல் காண்பது, கி. மு. 184-இல் மறைந்த பிளாட்டசு என்னும் உரோம நாடக ஆசிரியரின் ‘மோசுடெல்லாரியா’ என்னும் நகைச்சுவை நாடகத்தில். அங்கு அதனைக் கூறுவோன் புலவனும் அல்லன், அரசனும் அல்லன்; தன் தலைவனை ஏமாற்றும் அடிமை ஒருவன். அவன் தன் சூழ்ச்சித் திறத்தை அலெக்சாந்தரின் அருஞ்செயலோடு ஒப்பிட்டுத் தன்னைத் தானே மெச்சிக்கொள்கின்றான். அவையோர்க்கு அப்பெயர் முன்னரே தெரிந்திருந்தாலன்றி அந்நகைச்சுவை சுவைபடாது. எனவே அடைமொழி அக்காலத்திற்குள் பரவிவிட்டது என்பது பெறப்படும். பின்னர் உரோமப் படைத்தலைவன் பாம்பே அதனைத் தன் பெயரோடு சூடிக்கொண்டான். நாடு கொள்ளும் வேட்கை மிக்க ஒரு குடியரசு தன் தலைவர்களை அளப்பதற்கு எடுத்துக்கொண்ட அளவுகோலாக அப்பெயர் பயன்பட்டது.

வென்றோர் வழக்கு இவ்வாறாக, தோற்றோர் வழக்கு வேறாயிற்று. சரதுட்டிர சமயத்தாரின் பகலவி மொழி நூல்கள் அவனைச் ‘சபிக்கப்பட்டவன்’ என்னும் அடைமொழியோடு குறிக்கின்றன. அதே நாட்டில், 1010-இல் நிறைவுற்ற ‘சாநாமா’ காப்பியத்தில், பிர்தௌசி அவனைப் பாரசீக அரச குருதியினனாகவே ஆக்கிவிட்டார். உரோமரிலும் அனைவரும் புகழ்ந்தாரல்லர்; செனிக்காவும் லூக்கனும் அவனைக் கொள்ளைக்காரன் என்றே இகழ்ந்தனர். ஆகவே அடைமொழியின் பழமை ஒன்றே அதன் உண்மைக்குச் சான்றாகாது.

2. சான்றுகளின் நிலை

அலெக்சாந்தரோடு உடன் சென்று எழுதியோர் கல்லிசுதெனீசு, தாலமி, அரிசுடோபுலசு, நியார்க்கசு முதலியோர். அவர்தம் நூல்களுள் ஒன்றேனும் முழுமையாக எஞ்சவில்லை. நமக்குக் கிடைப்பன தியோடோரசு, குர்தியசு, புளூட்டார்க்கு, அர்ரியன் ஆகியோரின் நூல்களும் சசுட்டின் செய்த சுருக்கமும் ஆம். இவற்றுள் நம்பகமானது எனப் பலரும் கொள்ளும் அர்ரியன் நூல் கி. பி. இரண்டாம் நூற்றாண்டினது, நிகழ்ச்சிகட்கு நானூறு ஆண்டுகட்கு மேல் பிற்பட்டது.

தாலமியைத் தாம் நம்புதற்கு அர்ரியன் கூறும் காரணங்களுள் ஒன்று, அவர் அரசர் ஆதலின் பொய் கூறல் அவர்க்குப் பெரிதும் இழிவாம் என்பது. இக்காரணம் பொருந்துமாறு இல்லை. தாலமி எகிப்தை ஆண்டவர்; அலெக்சாந்தரின் உடலையே வழியில் கைப்பற்றித் தம் நாட்டிற்குக் கொண்டு சென்றவர். இறந்த வேந்தனின் புகழே அவருடைய ஆட்சியுரிமைக்கு ஒரு தூணாக இருந்தது. அத்தகையவர் எழுதிய வரலாற்றில் அவ்வேந்தனின் குறைகள் குறைந்தே காணப்படும் என்று கொள்ளுதல் முறை. எனவே இந்நூல்களிலும் எஞ்சி நிற்கும் குறைகள் தனிக் கவனத்திற்கு உரியன என்க.

3. ஆற்றலும் செயலும்

படைத்தலைவன் என்ற முறையில் அலெக்சாந்தரின் ஆற்றலை மறுப்பார் இலர். கி. மு. 332-இல் கடல் சூழ்ந்த தீர் நகரை அடையக் கடலின் ஊடே கரை எழுப்பியதும், 331-இல் காகமேலாவில் தன்னினும் மிகுந்த படையை உடைத்ததும், 326-இல் பகைவர் அறியாவாறு சீலம் ஆற்றைக் கடந்து போரசை வென்றதும் போர்க்கலை பயில்வோர் இன்றும் கற்பனவாம். தோற்ற போரசிடமே நாட்டை ஒப்படைத்ததும், பாரசீகரையும் ஆட்சிப் பொறுப்பில் அமர்த்தியதும் அவன் குறுகிய நோக்கினன் அல்லன் என்பதைக் காட்டும்.

இனி மறுபுறம் காண்போம். கி. மு. 335-இல் தீப்சு நகர் தரைமட்டமாக்கப்பட்டது. ஆறாயிரத்தின் மேற்பட்டோர் மாண்டனர் என்றும் முப்பதினாயிரத்தின் மேற்பட்டோர் சிறைப்பட்டனர் என்றும் தியோடோரசு கூறுவர். கவிஞர் பிண்டாரின் இல்லம் மட்டும் காக்கப்பட்டது. அவ்வொரு வீட்டைக் காத்தமை பலரால் போற்றப்படுகின்றது. அழிந்த நகர் அப்போற்றுதலின் நிழலில் மறைந்துவிடுகின்றது. தீர் வீழ்ந்தபின் இரண்டாயிரவர் கடற்கரையில் சிலுவையில் அறையப்பட்டனர் என்பர் குர்தியசு. 330-இல் முதுபெருந் தளபதி பார்மேனியன் உசாவலின்றிக் கொல்லப்பட்டார். 328-இல், கிரானிக்கசுப் போரில் தன் உயிரைக் காத்த கிளைட்டசை, மது மயக்கத்தில் அலெக்சாந்தர் தன் கையாலேயே குத்திக் கொன்றான்.

மசாகா நிகழ்ச்சி இவற்றுள் தலையாயது. உடன்படிக்கை செய்துகொண்டு வெளியேறிய இந்தியக் கூலிப்படையினர் அங்கு வளைத்துக் கொல்லப்பட்டனர். அவர்கள் இரவில் தப்பிச் செல்ல எண்ணினர் என அர்ரியன் காரணம் காட்டுவர். புளூட்டார்க்கோ, அலெக்சாந்தரைப் பெரிதும் போற்றுபவராயிருந்தும், இதனை அவன் போர்ப்புகழின்மேல் படிந்த கறை எனவே குறிக்கின்றார். போற்றுவோரே மறைக்க இயலாத குற்றத்தை நாம் மறப்பது திறனாய்வு ஆகாது.

325-இல் கெத்ரோசியப் பாலையின் வழியே படையை நடத்தியமைக்குரிய காரணங்களுள், முன்னோர் எவரும் செய்யாததைத் தான் செய்ய வேண்டும் என்னும் வேட்கையும் ஒன்று என நியார்க்கசு கூறியதாக அர்ரியன் உரைப்பர். நீரின்றி மாண்டோர் பலர். புகழின் பொருட்டுத் தன் படையையே விலையாக்கிய செயல் இது.

4. இரு தடைகளும் விடைகளும்

அவன் கீழை மேலை நாடுகளை இணைத்து மாந்தர் ஒருமையைக் கண்டான் என்பது முதல் தடை. புளூட்டார்க்கின் சொற்பொழிவுகளில் தோன்றிய இக்கருத்தை 1948-இல் தார்ன் விரிவாக நிலைநாட்ட முயன்றார். 1958-இல் பேடியன் அதன் சான்றுகள் அத்துணைப் பளுவைத் தாங்கா எனக் காட்டினார். அலெக்சாந்திரியாவின் நூலகமும் கல்விச் சிறப்பும் தாலமி மரபினரின் ஆக்கங்கள். அலெக்சாந்தர் விட்டுச் சென்றது தக்க வழித்தோன்றல் இல்லாத பேரரசு. அதன்பொருட்டு அவன் தளபதிகள் பல்லாண்டு பொருதனர். அவன் தாயும் மனைவியும் மகனும் கொலையுண்டனர்.

அக்காலத்து மன்னனை இக்கால அறத்தால் அளக்கலாகாது என்பது இரண்டாம் தடை. இதற்கு விடை கந்தகாரில் உள்ளது. அலெக்சாந்தர் நிறுவியதாகக் கருதப்பெறும் அந்நகரில், 1963-இல், அசோகனின் கிரேக்கக் கல்வெட்டு ஒன்று கிடைத்தது. அதில் பதின்மூன்றாம் பாறைக் கட்டளையின் தொடக்கம் உள்ளது. கலிங்கப் போரில் 1,00,000 பேர் மாண்டதையும் 1,50,000 பேர் நாடு கடத்தப்பட்டதையும் வென்ற வேந்தனே கூறி வருந்துகின்றான். அக்கட்டளையின் முழு வடிவில்தான் கிரேக்க மன்னர் ஐவரோடு சோழ பாண்டியரும் சுட்டப்பெறுகின்றனர். அசோகன் கலிங்கத்தைத் திருப்பித் தந்தானல்லன். கலிங்க நாட்டுத் தௌலி, சௌகடப் பாறைகளில் இக்கட்டளை பொறிக்கப்படவும் இல்லை. அவனும் குறையற்றவன் அல்லன். ஆயினும் வெற்றியின் விலை மாண்டோர் தொகையே என்னும் உணர்வு, அலெக்சாந்தர் மறைந்து நூறாண்டு கழியுமுன், அவன் தாய்மொழி வழக்கிலேயே கல்லில் ஏறிவிட்டது. எனவே இவ்வளவுகோல் நம் காலத்தது அன்று.

5. முடிபு

அலெக்சாந்தர் ஒப்பற்ற படைத்தலைவன்; இது ஐயமின்றித் துணியப்படும். காத்தலும் நிலைநிறுத்தலும் அரசனின் தொழிலாயின், அவ்வகையில் அவன் பெருமை நிறுவப்படவில்லை. ‘மகா’ என்பது அவன் ஆற்றலின் பரப்பைக் குறிக்கலாம். பண்பின் உயர்வைக் குறிக்காது. ஆதலின் அவ்வடைமொழியை நம் கூற்றாகக் கொள்ளாது, ‘மகா அலெக்சாந்தர் என வழங்கப்பெறும் வேந்தன்’ எனப் பிறர் கூற்றாகவே எழுதுதல் முறை என யாம் கருதுகின்றோம். ஒரு சொல்லளவான வேறுபாடே எனினும், தீப்சிலும் தீரிலும் மசாகாவிலும் மாண்டோர்க்கு உரிய இடத்தை அது மாணவர் உள்ளத்தில் ஒதுக்கித் தரும்.